சதி என்று வரும் செய்தி சரியா? உங்கள் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்க்கலாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் மாதத்திலேயே பல விஷயங்கள் பழகிவிடுகின்றன. தமிழில் டைப் செய்வது, பைல்களை போல்டரில் அடுக்கி வைப்பது, இமெயில் அனுப்புவது, யூடியூப் பார்ப்பது என ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிறோம். ஆண்டி வைரஸ் புரோகிராம் வேண்டும் என்பதையும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். ஆனால் எந்த ஆண்டி வைரஸ் புரோகிராமும் தடுக்காத ஒன்று இருக்கிறது. "இதற்குப் பின்னால் பெரிய சதி இருக்கிறது, மறைக்கிறார்கள், அழிப்பதற்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வரும் செய்திகள்தான் அவை.

தடுப்பூசியில் மைக்ரோசிப் இருக்கிறது, 5ஜி டவரால்தான் கொரோனா வந்தது, மனிதன் நிலவில் இறங்கவே இல்லை, உலகத்தையே இலுமினாட்டி என்ற ரகசியக் கூட்டம் நடத்துகிறது. இவற்றில் ஒன்றாவது உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்திருக்கும். படித்துவிட்டுச் சிரித்து ஒதுக்குபவர்களும் உண்டு. அப்படியே நம்பி, அதன்படி நடப்பவர்களும் உண்டு.

நம்பினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. உடனே "இது வெளிநாட்டுச் சதி, பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது. பல பள்ளிகளில் பெற்றோர் ஊசி வேண்டாம் என்றார்கள். முகாமை மார்ச் மாதத்திற்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இருதயக் கோளாறு வரலாம். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. 2018 மே மாதம் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்ற செய்தி பரவிய வேளையில், போளூர் அருகே குலதெய்வம் கோயிலைத் தேடி வந்த சென்னைக் குடும்பத்தை ஊரார் அடித்தார்கள். 65 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். ஒரு பட்டனை அழுத்தி அனுப்பும் செய்திக்கு இவ்வளவு பலம் இருக்கிறது.

அதற்காக எதையும் சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் நல்லதுதான். அந்தச் சந்தேகத்தைப் பாதியில் விட்டுவிடாமல் கடைசி வரை கொண்டுசெல்ல வேண்டும். சாப்ட்வேர் துறையில் எங்கள் தினசரி வேலையே இதுதான். புரோகிராம் தவறாக ஓடினால் "இதனால் இருக்கும்" என்று ஒரு காரணத்தை யூகிப்போம். யூகத்தோடு நிறுத்தாமல், அது தவறாக இருந்தால் எப்படித் தெரியும் என்று சோதிப்போம். அதே முறையில் ஐந்து கேள்விகளை இங்கே தருகிறேன்.

1. தேதி பொருந்துகிறதா?

எல்லாவற்றிலும் எளிய சோதனை இது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, "5ஜி டவர் சோதனையால்தான் மக்கள் சாகிறார்கள், கொரோனா என்பது சாக்கு" என்ற செய்தி இந்தியா முழுவதும் சுற்றியது. மத்திய தொலைத்தொடர்புத் துறை அதே மாதம் 10ஆம் தேதி மறுப்பு வெளியிட்டது. 5ஜி சோதனை அப்போது நாட்டில் எங்கும் தொடங்கியிருக்கவே இல்லை.

அரசு சொல்வதை நம்ப மாட்டேன் என்பவர்களும் இதைச் சரிபார்க்கலாம். இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளாவில் கண்டறியப்பட்டார். இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. இடையில் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் உள்ளது. காரணம் பின்னால் வந்து, விளைவு முன்னால் வர முடியாது.

கூகுளில் ஒரு செய்தியைத் தேடும்போது, முடிவுகளுக்கு மேலே 'டூல்ஸ்' என்று இருக்கும். அதில் கிளிக் செய்து, 'எனி டைம்' என்பதைத் திறந்தால் 'கஸ்டம் ரேஞ்ச்' கிடைக்கும். நீங்கள் விரும்பும் இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட செய்திகளை மட்டும் அதில் பார்க்கலாம்.

2. சொல்லப்படும் பொருள் வேலை செய்யுமா?

2021 மே மாதம் நான் வாசுதேவநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் தடுப்பூசி முகாம் அறிவித்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய, சர்க்கரை நோய் உள்ள பெரியப்பா ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைதான. ஊசியில சிப்பு வச்சு நம்ம எங்க போறோம்னு பார்க்காம்லா?"

"பெரியப்பா, உங்க போன் சார்ஜ் எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு நாள் நிக்கும்."

"அந்தச் சிப்புக்கு யாரு சார்ஜ் போடுவா?"

அவர் சிரித்தார். ஆனால் அது போதாது என்று முழுவதையும் விளக்கினேன். ஜி.பி.எஸ். சிப் சாட்டிலைட்டில் இருந்து சிக்னலை வாங்கி, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிடும். அதைத் தானாக யாருக்கும் அனுப்பாது. அனுப்ப வேண்டுமானால் செல்போனில் இருப்பது போன்ற டிரான்ஸ்மிட்டர், ஆண்டெனா, பேட்டரி மூன்றும் வேண்டும். வெளிநாடுகளில் நாய், பூனைகளின் தோலுக்கு அடியில் சிப் வைப்பது உண்மை. அது அரிசி அளவு இருக்கும். நீளம் சுமார் 12 மி.மீ., தடிமன் சுமார் 2 மி.மீ. அதில் பேட்டரி கிடையாது. ரீடர் கருவியைச் சில அங்குலம் அருகில் கொண்டு போனால்தான் தன் நம்பரையே சொல்லும். தடுப்பூசி போடும் ஊசியின் உள்துளையோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னும் சின்னதா செஞ்சிருப்பான்" என்றார். நியாயமான மறுப்புதான். அப்போது இன்னொரு கணக்கைச் சொன்னேன். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருக்கும். நர்ஸ் அதில் இருந்து ஆளுக்கு அரை மில்லி உறிஞ்சிப் போடுவார். குப்பிக்குள் 10 சிப் மிதந்தால், ஒருவருக்கு ஒன்று என்று அது எப்படிப் பிரிந்து வரும்? ஒருவருக்கு மூன்றும், அடுத்தவருக்கு ஒன்றுமே இல்லாமலும் போகாதா? வயலுக்குப் பூச்சிமருந்து கலக்கிப் பழகியவர் அவர். இந்தக் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது.

3. அதற்குப் பிறகு நடந்தது, அதனால்தான் நடந்ததா?

ஆனால் பெரியப்பாவின் உண்மையான பயம் சிப் அல்ல. "விவேக் ஊசி போட்ட மறுநாளே விழுந்துட்டாரே" என்றார். நகைச்சுவை நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னிலையிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பில் மயங்கி விழுந்தார். 17ஆம் தேதி அதிகாலை இறந்தார். தமிழ்நாடே கலங்கிப்போன சாவு அது. ஊசிதான் காரணம் என்ற செய்தி அன்றைக்கே பறந்தது.

இதற்கு கம்ப்யூட்டரில் உள்ள கால்குலேட்டரைத் திறந்து ஒரு கணக்குப் போடலாம். நடுத்தர வயதையும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 20 பேர் ஏதோ ஒரு காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட 10 லட்சம் பேரை எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 20,000 பேர். அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 55 பேர். இரண்டு நாளில் 110 பேர். இப்போது அந்த 10 லட்சம் பேருக்கும் ஊசிக்குப் பதிலாக வெறும் தண்ணீர் கொடுத்திருந்தால்? அப்போதும் இரண்டு நாளுக்குள் 110 பேர் இறந்திருப்பார்கள். "தண்ணீர் குடித்த மறுநாளே இறந்தார்" என்று 110 வீடுகளில் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே ஒருவர் ஊசிக்குப் பின் இறந்தாரா என்பது மட்டும் கேள்வி அல்ல. ஊசி போட்டவர்களில் எதிர்பார்த்ததை விட அதிகம் பேர் இறந்தார்களா, அந்த ஒருவரின் உடலில் என்ன நடந்தது என்பதே கேள்வி. விவேக்கின் இருதயத்தின் முக்கிய இரத்தக் குழாயில் முழு அடைப்பு இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். அப்படிப்பட்ட அடைப்பு ஒரே நாளில் வருவதல்ல என்பதையும் அன்றே விளக்கினார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்திற்குப் புகார் போனது. தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்து, சாவுக்குத் தடுப்பூசி காரணம் அல்ல என்று 2021 அக்டோபரில் முடிவு சொன்னது.

இதே முறையில் ஆராய்ந்துதான் தடுப்பூசியின் உண்மையான ஆபத்தும் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு ஒரு அபூர்வ வகை இரத்த உறைவு எதிர்பார்த்ததை விட அதிகமாக வருவதை ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்தார்கள். 2021 ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை அதை மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்தது. நம் ஊரில் கோவிஷீல்டு என்று போட்டதும் இதே தடுப்பூசிதான். எண்ணிப் பார்த்ததால் உண்மை வெளியே வந்தது. பார்வேர்ட் செய்ததால் அல்ல.

4. எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்?

மனிதன் நிலவில் இறங்கியது சினிமா செட்டில் எடுத்த படம் என்பது பழைய கதை. 1969இல் நடந்த அப்போலோ 11 பயணத்திற்குப் பின்னால் சுமார் 4 லட்சம் பேர் உழைத்தார்கள். அத்தனை பேரும் சாகும் வரை ரகசியம் காத்திருக்க வேண்டும். டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் என்ற இயற்பியலாளர் 2016இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். அவ்வளவு பேர் சேர்ந்த பொய் நான்கு ஆண்டுகளுக்குள் வெளியாகிவிடும் என்பது அவர் கண்ட விடை.

கூடவே, எதிரி என்ன சொன்னான் என்றும் பாருங்கள். அமெரிக்காவோடு போட்டி போட்டுத் தோற்ற சோவியத் ரஷ்யாவுக்குப் பொய்யை அம்பலப்படுத்த எல்லாக் காரணமும் இருந்தது. அது அப்படிச் செய்யவில்லை. 2021இல் நம் இஸ்ரோவின் சந்திரயான்-2 அப்போலோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்தது. அங்கே விட்டுவந்த இறங்குகலத்தின் அடிப்பாகம் அதில் தெரிகிறது.

அப்படியானால் உலகில் சதியே கிடையாதா? தாராளமாக உண்டு. என் துறையிலேயே ஒன்று நடந்தது. வோக்ஸ்வேகன் நிறுவனம் தன் டீசல் கார்களில் ஒரு சாப்ட்வேரை வைத்தது. ஸ்டியரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், "இது புகைச் சோதனைக் கூடம்" என்று அது புரிந்துகொள்ளும். உடனே புகையைக் குறைத்துக் காட்டும். ரோட்டுக்கு வந்ததும் பழையபடி கக்கும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையில் ஒரு சிறிய குழு, அளக்கும் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தது. அரவிந்த் திருவேங்கடம் என்ற பொறியாளரும் அதில் இருந்தார். ஒரு வோக்ஸ்வேகன் கார் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் 15 முதல் 35 மடங்கும், இன்னொன்று 5 முதல் 20 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. வேறு நிறுவனத்தின் மூன்றாவது கார் பெரும்பாலும் அளவுக்குள் இருந்தது. 2014இல் அறிக்கை வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்க அரசு நோட்டீஸ் விட்டது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாப்ட்வேர் இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டது.

உண்மையான சதி வெளிவந்த விதத்தைக் கவனியுங்கள். எந்தக் கார், எந்த வாயு, எத்தனை மடங்கு என்று எல்லாமே குறிப்பாக இருந்தது. வேறு யார் அளந்தாலும் அதே எண் வரும். "மறைக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லும் செய்தியில் இப்படி அளந்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

5. எதைக் காட்டினால் "இது தவறு" என்று ஒப்புக்கொள்வீர்கள்?

ஐந்தில் முக்கியமான கேள்வி இது. இலுமினாட்டி என்ற அமைப்பு உண்மையிலேயே இருந்தது. 1776 மே 1 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் ஆடம் வைஸ்ஹவுப்ட் என்ற பேராசிரியர் தொடங்கினார். பத்தே ஆண்டுகளுக்குள் அங்குள்ள அரசு தடை செய்து ஒடுக்கிவிட்டது. இன்றைக்கும் அது உலகை ஆள்கிறது என்பவரிடம் ஆதாரம் கேட்டால், "ஆதாரம் கிடைக்காததே அவர்கள் பலத்திற்கு ஆதாரம்" என்பார். ஆதாரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர் சொன்னதே சரி. எந்த நிலையிலும் தவறாக முடியாத ஒன்று நமக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை.

அதே சமயம் நியாயமான கேள்வியையும் கட்டுக்கதையையும் ஒரே மூட்டையில் கட்டிவிடக் கூடாது. வாசுதேவநல்லூரில் இருந்து மேற்கே பார்த்தால் தெரியும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. "நியூட்ரினோ கதிர் வந்து மக்களை அழிக்கும்" என்று ஒரு கதை பரவியது. சூரியனில் இருந்து வரும் நியூட்ரினோக்கள் பல லட்சம் கோடிக் கணக்கில் ஒவ்வொரு நொடியும் நம் உடம்பைக் கடந்து போய்க்கொண்டுதான் இருக்கின்றன. திட்டமிட்ட கருவி அவற்றை உண்டாக்குவது அல்ல, கண்டறிவது. இந்தக் கதை நிற்காது. ஆனால் மலையைக் குடைந்தால் காட்டுக்கும் நீருக்கும் புலிகளின் வழித்தடத்திற்கும் என்ன ஆகும் என்பது நல்ல கேள்வி. தமிழ்நாடு அரசே அந்தக் காரணங்களைச் சொல்லி 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்தது. கட்டுக்கதையைச் சேர்த்துச் சொன்னால் நல்ல கேள்வியும் சேர்ந்து கேலிக்கு ஆளாகிறது.

படம், வீடியோ வந்தால் என்ன செய்வது?

படத்தைக் கம்ப்யூட்டரில் சேவ் செய்துகொள்ளுங்கள். பிரவுசரில் கூகுள் இமேஜஸ் பக்கத்தைத் திறந்து, தேடும் கட்டத்தில் உள்ள கேமரா ஐகானில் கிளிக் செய்து அந்தப் படத்தை ஏற்றுங்கள். அதே படம் இண்டர்நெட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். டின்ஐ என்ற வெப்சைட்டில் 'ஓல்டஸ்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மிகப் பழைய பதிவு முதலில் வரும். "நேற்று நம் ஊரில் நடந்தது" என்று வந்த படம் சில ஆண்டுகளுக்கு முன் வேறு நாட்டில் எடுத்ததாக இருப்பது சகஜம்.

வீடியோ என்றால், முகம் அல்லது கடைப் பலகை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் காட்சியைப் படமாக வெட்டி எடுக்கலாம். அதை மேலே சொன்னபடி தேடலாம்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் 'பலமுறை பார்வேர்ட் செய்யப்பட்டது' என்று இருந்தால், அது அனுப்பியவரே எழுதியது அல்ல, பல கை மாறி வந்தது என்று பொருள். செய்தி உண்மையா என்று பார்க்கத் தமிழில் யூடர்ன், மத்திய அரசின் பி.ஐ.பி. பேக்ட் செக், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் ஆகியவை உள்ளன. அரசுப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் தனியார் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டிலும் முடிவை மட்டும் படிக்காமல், என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது முக்கியம்.

வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

குடும்ப குரூப்பில் எல்லோர் முன்னிலையிலும் "இது பொய் சித்தி" என்று போட்டால், அவர் செய்தியை விட மாட்டார்; குரூப்பில் பேசுவதை விட்டுவிடுவார். தனியாக போன் செய்து, "இது எப்ப எடுத்த வீடியோன்னு சேர்ந்து பார்ப்போமா சித்தி?" என்று கேளுங்கள். கேமரா ஐகானை அவர்கள் கையாலேயே கிளிக் செய்ய வையுங்கள். பயப்படுபவருக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் கணக்கு எடுபடும்.

பெரியப்பா அன்று உடனே கிளம்பிவிடவில்லை. மறுநாள் முகாம் டாக்டரிடமே போய், தனக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதைச் சொல்லி, என்ன செய்யும், எத்தனை நாள் காய்ச்சல் வரும் என்று நான்கைந்து கேள்வி கேட்டிருக்கிறார். பதில் திருப்தியாக இருந்ததும் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டார். சந்தேகத்தைக் கடைசி வரை கொண்டுபோவது என்று நான் சொன்னது இதைத்தான்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், உங்கள் குரூப்பில் கடைசியாக வந்த ஒரு பரபரப்புச் செய்தியை எடுத்து இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை பதினைந்து நிமிடம் ஆகலாம். நாலைந்து தடவை செய்துவிட்டால் பெரும்பாலானவற்றுக்குத் தேதியைப் பார்த்ததுமே விடை கிடைத்துவிடும். பார்க்க நேரம் இல்லாத செய்தியை யாருக்கும் அனுப்பாமல் இருந்தாலே போதும்.